பதினொரு மண்டலம்

நோய் தீர்ந்து திரும்பியவளிடம் எல்லாரும் மருந்தின் பெயரைக் கேட்கிறார்கள். எந்த டாக்டர் என்று கேட்கிறார்கள், இப்போது என்னென்ன சாப்பிடலாம் என்று கேட்கிறார்கள். தென்காசிக் கடைவீதியிலும் ஆலங்குளத்துப் பஸ்ஸிலும் இதே கேள்விகள்தான். அவ்வளவு காலம் எப்படி விடாமல் விழுங்கினாய் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. மற்றவற்றுக்கெல்லாம் டாக்டர்கள் பதில் சொல்லிவிடுவார்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் படுக்கையில் கிடந்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு வந்தது காசநோய். பதினெட்டு மாதம் ஒரு நாளும் தவறாமல் மருந்து உண்ண வேண்டும் என்று விதித்தார்கள். இரண்டு முறை தவறினேன். மூன்றாம் முறை முடித்தேன். அந்த மூன்றாம் முறை என்னோடு சேர்ந்து நாள் எண்ணத் தொடங்கிய ஒருத்தி முடித்தாளா என்பது எனக்குத் தெரியாது. அவள் முடிக்காவிட்டால் பிழைக்க மாட்டாள் என்பது மட்டும் தெரியும். ஆகவே இதை எழுதுவதில் எனக்கு ஓர் அவசரமும் உண்டு.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். தென்காசியில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சமூகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் நடந்துகொண்டிருந்த காலம். ஐந்தாண்டுக்கு அப்பால் பார்க்கத் தெரிந்த நாடுதான் இன்றைக்கு வாயைக் கட்டும் என்று வகுப்பில் சொல்வேன். நாட்டுக்குச் சொன்னதை மனிதருக்கும் பொருத்திச் சொல்வேன். தொலைவில் பார்ப்பவரே தம்மை அடக்க வல்லவர் என்பதில் எனக்கு ஐயமே இருந்ததில்லை.

ஒரு தை மாதத்தில், நாள்தோறும் நான்கு மணி அடித்ததும் உடம்பு லேசாகச் சுடத் தொடங்கியது. இருமலுக்குச் சுண்ணாம்புக்கட்டித் தூளைக் காரணம் சொன்னேன். ரவிக்கை தளர்ந்துபோனதை முதலில் கண்டவள் மதினி. என் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன், பெற்றோர் இல்லை. டாக்டர் முதுகைத் தட்டிக் கேட்டார். எக்ஸ்ரே படத்தில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல ஒரு வெளுப்பு இருந்தது. மூன்று விடியற்காலைகளில் சளியைச் சிறு டப்பாவில் எடுத்துக் கொடுத்தேன். அதைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயமேற்றிப் பார்த்தபோது, கிருமிகள் சிவந்த குச்சிகளாகத் தெரிந்தனவாம்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். மருந்து மூன்று. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி ஒன்று, சிறிய வெள்ளை மாத்திரை ஒன்று, வேளைக்குக் கைநிறைய விழுங்கிக் குமட்டலோடு போராட வேண்டிய பெரிய மாத்திரை ஒன்று. ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். பிறகு அந்த மருந்தால் பயனில்லை. ஆகவே மூன்றும் சேர்ந்தே போக வேண்டும். இரண்டு மாதத்தில் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். இருமல் நிற்கும், சதை பிடிக்கும். ஆனால் சில கிருமிகள் நுரையீரலின் கட்டிகளுக்குள் வளராமலும் சாகாமலும் உறங்கிக் கிடக்கும். மருந்து விழித்த கிருமியைத்தான் கொல்லும். அது எந்த நாளில் விழிக்கும் என்று யாருக்கும் தெரியாததால், எல்லா நாளும் மருந்து இரத்தத்தில் காத்திருக்க வேண்டும். அதற்குத்தான் பதினெட்டு மாதம்.

இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். அண்ணனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் விளக்கிச் சொன்னேன். ஐந்தாம் மாதம் மருந்தை நிறுத்திவிட்டேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. பெரிய மாத்திரை விழுங்கிய காலைகளில் வகுப்பில் நிற்க முடியவில்லை. பள்ளியிறுதித் தேர்வுக்கு முப்பத்தொரு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு அந்த ஓர் ஆண்டு போனால் படிப்பே போய்விடும். ஒரு பக்கம் அவர்கள் எதிர்காலம், மறுபக்கம் வலியே இல்லாத ஒரு நுரையீரல். எடைபோட்டுப் பார்த்துத்தான் நிறுத்தினேன். எதிர்காலத்தை நினைக்காமல் நிறுத்தினேன் என்று என்னைக் குறை சொல்ல முடியாது. அதை நினைத்தேதான் நிறுத்தினேன்.

கார்த்திகையில், கரும்பலகைக்கு எதிரே நின்றபடி கைக்குட்டையில் இரத்தத்தைப் பார்த்தேன். முதல் வரிசைப் பெண்களும் பார்த்தார்கள். தலைமையாசிரியை அவர்களை முற்றத்துக்கு அனுப்பிவிட்டு, வாசற்படிக்கு அப்பால் நின்றுகொண்டு, வண்டிக்குச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். வண்டி வரும்வரை முப்பத்தொரு பேர் இருந்த அறையில் நான் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு நெடுங்காலம் என்னருகில் யாரும் உட்காரவில்லை.

என்னைச் சேர்த்த இடம் குற்றாலத்தின் ஓரத்தில், தோப்புகளுக்கு நடுவே ஒதுக்கமாக இருந்த சிறிய மருத்துவமனை. காத்திருப்போர் அறையில் நீண்ட பெஞ்சுகள் இருந்தன. நான் இருமியபோது பெஞ்சில் இருந்தவர்கள் மெல்ல மெல்ல நகர்ந்து மறுகோடிக்குப் போனார்கள். அவர்களும் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள். அங்கிருந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை மருந்து கேட்கும்னு நம்புறேன். இன்னொரு தடவை விட்டீங்கன்னா கிருமி மூணு மருந்துக்கும் பழகிடும். நாலாவது மருந்து எங்கிட்ட இல்லைம்மா" என்றார். அவர் வடக்கே எங்கிருந்தோ வந்த இளைஞர். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பெண்கள் வார்டில் ஆறு கட்டில்கள். காலை ஆறு மணிக்கு வாயில் வெப்பமானி, பிறகு ஊசி, பிறகு மாத்திரைகள், மதியம் இரண்டு முதல் நான்கு வரை பேசக்கூடாத ஓய்வு. வாரம் ஒரு முறை எடை, மாதம் ஒரு முறை படம். எனக்கென்று தனித்தட்டு, தனித்தம்ளர், தனிவாளி. ஞாயிறுதோறும் அண்ணன் தென்காசியிலிருந்து சைக்கிளில் வருவார். உள்ளே வர அனுமதியில்லை. சன்னலுக்கு வெளியே, கம்பியிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்பார். வீட்டிலேயே அதிகம் பேசாதவர்.

"மழை இல்ல. கெணத்துல தண்ணி எறங்கிட்டு" என்பார்.

"பிள்ளையெல்லாம் எப்படி இருக்கு?"

"இருக்கு. சின்னவன் அத்தைய எங்கன்னு கேக்கான்."

"என்ன சொன்னிய?"

"வருவாங்கேன்."

பிறகு இருவரும் தோப்பைப் பார்த்துக்கொண்டிருப்போம். அரைமணி ஆனதும் மதினி கொடுத்தனுப்பிய பையைச் சன்னலில் வைத்துவிட்டுப் போவார். சளியைத் துடைத்து எரிப்பதற்காக, பழைய சேலைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி மதினி அனுப்பியிருந்தாள். அன்றன்றைக்கு எரிக்கப்போகும் அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் ஓரம் மடித்துத் தைத்திருந்தாள். அந்தத் தையலைத் தடவிக்கொண்டே நான் தூங்கிய நாட்கள் உண்டு.

தை மாதக் கடைசியில் பக்கத்துக் கட்டிலுக்கு மாடத்தி வந்தாள். இலஞ்சியில் நாற்று நடுகிறவள். வயது ஏறத்தாழ என் வயதுதான். மூன்று பிள்ளை பெற்று, அவர்களை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். வந்த அன்று மதியமே ஆயாவோடு சண்டை.

"இந்தக் கொழம்புல புளி கெடக்கு. எனக்கு வேண்டாம், எடுத்துட்டுப் போ."

"புளி திங்காதன்னு டாக்டர் சொன்னாராட்டி?"

"அவருக்கு என்ன தெரியும், சின்னப் பிள்ள. மருந்து திங்கவளுக்குப் பத்தியம் வேண்டாமா?"

"இங்கன என்ன கஷாயமா காச்சி ஊத்துதாவ? இது இங்கிலீஷ் மருந்துட்டி."

"எந்த ஊரு மருந்தா இருந்தா என்ன, வாய் என் வாய்லா?"

நாட்டு வைத்தியத்தில் மருந்துக்கு ஒரு மண்டலம் என்று கணக்கு. அதாவது நாற்பத்தெட்டு நாள். அந்த நாட்களில் புளி, கத்தரிக்காய், கருவாடு, வெற்றிலை எதுவும் கூடாது. நாற்பத்தெட்டு முடிந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பத்தியத்தை முறிப்பார்கள். இடையில் ஒரு நாள் தவறினாலும் மண்டலம் முறிந்ததாகக் கொண்டு முதலிலிருந்து எண்ண வேண்டும். டாக்டர் விதிக்காத இந்தப் பத்தியத்தை மாடத்தி தானே தன்மேல் விதித்துக்கொண்டாள். வாய் ஓயாமல் வெற்றிலை போட்டுப் பல்லெல்லாம் கறுத்தவள், ஒரே நாளில் விட்டாள். எதிர்க்கட்டில்காரி வேண்டுமென்றே அவள் கண்ணெதிரே வெற்றிலை மடித்து, "மாடத்தி, கொழுந்து வெத்தலட்டி, பாதி தரட்டா?" என்று கேட்பாள். "உம் வாய்ல போட்டு மெல்லு, நான் சத்தத்தைக் கேட்டுக்கிடுதேன்" என்பாள் இவள். பெரிய மாத்திரையை முகம் சுளித்து விழுங்கிவிட்டு, அன்றைய எண்ணை உரக்கச் சொல்வாள். வார்டில் அவளுக்கு நிகரான மன அடக்கம் யாருக்கும் இல்லை.

நான் வியந்துகொண்டிருந்தேன். இருபதாம் நாளோ என்னவோ, அவளே பேச்சுவாக்கில் சொன்னாள்:

"நாப்பத்தெட்டாம் நாளு எங்க வீட்டு ஆளு வண்டி கெட்டிக்கிட்டு வந்துருவாவ. எண்ணெய் தேச்சு அருவில ஒரு குளி. பொறவு புளி ஊத்தி மீன் கொழம்பு. பொறவு வெத்தல. எங்க ஊருக்குப் போயிருவேன்."

"டாக்டர் பதினெட்டு மாசம்லா சொன்னாரு?"

"சொல்லுவாரு டீச்சர். எந்த வைத்தியன் ஒரு மண்டலத்தோட விட்டான்?"

அன்றே அவளுக்குப் பாடம் நடத்தினேன். நுரையீரலை வரைந்து காட்டினேன். உறங்கும் கிருமியை விளக்கினேன். நானே ஐந்தாம் மாதத்தில் விட்டுக் கெட்டதையும் மறைக்கவில்லை. பிள்ளைகள் வளர்வதையும் மகளின் கல்யாணத்தையும் நினைத்துப் பார்க்கச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"பதினெட்டு மாசம் கழிச்சு ஒரு மாடத்தி இருப்பாங்கிய. அவ யாருன்னே எனக்குத் தெரியாதே டீச்சர். தெரியாத பொம்பளைக்காவ நான் எதுக்கு வெத்தலைய விடணும்? நாப்பத்தெட்டாம் நாளு குளிக்கப் போறாளே, அவளத்தான் எனக்குத் தெரியும். அவளுக்காவ என்னமும் செய்வேன்."

வார்டே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. முன்யோசனை இல்லாதவள் என்று மனத்துக்குள் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மாசிக் கடைசியில் தலைமையாசிரியையின் கடிதம் வந்தது. மிகவும் கண்ணியமான கடிதம். என் இடத்தில் வேறொருவரை நிரந்தரமாக நியமித்துவிட்டதாகவும், நான் குணமாகி வந்தாலும் பெற்றோர்கள் தயங்குவார்கள் என்பதை நானே உணர்ந்திருப்பேன் என்றும், எனக்காகப் பிரார்த்திப்பதாகவும் எழுதியிருந்தார். மூன்று முறை படித்தேன். அடுத்த ஜூனில் திரும்பிப் போய் நிற்பதாக நான் மனத்தில் கட்டி வைத்திருந்த வகுப்பறை, அதன் கரும்பலகை, புதிய வரிசைப் பெண்கள் எல்லாம் அந்தத் தாளோடு மடிந்து உறைக்குள் போய்விட்டன.

அன்று மதியம் மாத்திரையை விழுங்கவில்லை. நிறுத்துவதென்று முடிவு செய்தேன் என்று சொல்ல முடியாது. கை வாய் வரை போகவில்லை, அவ்வளவுதான். மதினி ஓரம் தைத்த துணியில் மாத்திரைகளைச் சுற்றி, எரிக்கும் தொட்டியில் போட்டேன். மறுநாளும் அப்படியே. காலையில் சிஸ்டர் போடும் ஊசியைத் தவிர்க்க முடியவில்லை. ஆக, ஒரு மருந்து மட்டும் தனியே உடம்புக்குள் போய்க்கொண்டிருந்தது. கிருமிக்குப் பழக்கம் கற்றுக்கொடுக்க அதைவிடச் சிறந்த வழி கிடையாது. இரண்டு வாரத்துக்கு முன் நுரையீரலை வரைந்து அதை விளக்கியவளே நான். அறியாமல் ஒரு நாளும் செய்யவில்லை. முன்பு ஓர் எதிர்காலத்தைக் காட்டித்தான் என்னை நானே விழுங்க வைத்துக்கொண்டிருந்தேன். காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனதும் என்னால் என்னை ஆள முடியவில்லை.

ஒன்பதாம் நாள் காலை மாடத்தி தன் மாத்திரையை விழுங்கி, "நாப்பது" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், எட்டு நாளா உங்க மூஞ்சி கோணல."

"என்ன?"

"அந்தப் பெரிய மாத்திரைய முழுங்குனா எரும மாடுகூட மூஞ்சியச் சுளிக்கும். நீங்க சும்மா இருக்கிய. எங்கன போடுதிய அத?"

பொய் சொல்ல வரவில்லை. கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். இனி எதற்காக விழுங்க வேண்டும் என்று கேட்டேன். அவள் கட்டிலைவிட்டு இறங்கி வந்தாள்.

"ஏட்டி, எதுக்காவன்னு கேட்டுக்கிட்டா நாத்து நடுவாவ? குனிஞ்சாச்சுன்னா அடுத்த வரப்பு வரைக்கும் நட்டுட்டுத்தான் நிமிரணும். வயல்காரன் நெல்ல விப்பானா, ஆத்துல போடுவானா, அது நமக்கென்ன?"

அவள் என்னை டீச்சர் என்னாமல் உரிமையோடு ஏட்டி என்று அழைத்தது அதுவே முதல் முறை. நோய் வந்தபின் அவ்வளவு அருகில் வந்து என்னிடம் கோபப்பட்டவரும் வேறு யாரும் இல்லை.

"என் வயலுக்கு வரப்பே இல்ல, மாடத்தி. பதினெட்டு மாசமும் ஒரே தண்ணியாக் கெடக்கு."

"வரப்பு இல்லன்னா வெட்டிக்கிட வேண்டியதுதான்." விரல்விட்டு எண்ணினாள். "எட்டு நாளு முறிஞ்சிட்டு. இனும ஒண்ணுலருந்துதான். ஆனா ரெண்டு கட்டில்ல ரெண்டு கணக்கு ஓடுனா ரெண்டும் தப்பிப்போவும். சரி, நானும் ஒண்ணுலருந்து வாரேன்."

"உனக்கு இன்னும் எட்டு நாள்தானே?"

"போட்டும். மூஞ்சிய மட்டும் கோணிக் காட்டு. பாத்தாத்தான் நம்புவேன்."

எட்டு நாளில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள், தான் காத்த நாற்பது நாளை, தம்ளரில் மிஞ்சிய தண்ணீரைக் கொட்டுவது போலக் கொட்டிவிட்டாள். அன்று நான் அதைச் சரியாக அளக்கவில்லை. பிறகுதான் அளந்தேன்.

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் அன்றே சளியைப் பரிசோதனைக்கு வெளியூர் அனுப்பினார். கிருமியைப் புட்டியில் வளர்த்து, மருந்து இன்னும் அதைக் கொல்லுகிறதா என்று பார்க்க வேண்டும். அது சோம்பலாக வளரும் கிருமி. முடிவு தெரிய ஆறு அல்லது ஏழு வாரம் ஆகும். பழகிவிட்டிருந்தால் பிறகு செய்வதற்கு அதிகமில்லை.

அந்த வாரங்களை நான் எப்படிக் கடந்திருப்பேன் என்று தனியே நினைத்துப் பார்க்க முடியவில்லை. காலையில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி விழுங்குவோம். "ஏழு" என்பாள். "ஏழு" என்பேன். முடிவு என்ன வரும் என்று நான் பேச்செடுத்தால், "அது என்னைக்கு?" என்பாள். "சித்திரையில." "அப்ப சித்திரையில பேசுவோம்." சித்திரையும் வந்தது. அண்ணன் சன்னலில் மாம்பழங்களை வைத்துவிட்டுப் போனார். அவள் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு எதிர்க்கட்டில்காரிக்குக் கொடுத்தாள். அவளுக்காக நானும் தின்னவில்லை. எந்த மருத்துவ நூலும் மாம்பழத்தைத் தடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நாற்பத்து நான்காம் நாள் முடிவு வந்தது. கிருமி மருந்துக்கு இன்னும் அடங்குகிறது என்றார் டாக்டர். தப்பித்தேன். மாடத்தியிடம் சொன்னபோது, "நல்லது. இன்னும் நாலு கெடக்கு" என்றாள்.

அந்த நாலு நாளும் எனக்கு வேறொரு கவலை. நாற்பத்தெட்டு முடிந்தால் அவள் போய்விடுவாள். பதினெட்டு மாதத்தை நாற்பத்தெட்டால் வகுத்துப் பார்த்தேன். பதினொரு மண்டலமும் சில நாளும் வந்தது. மொத்தத்தை மறைத்து, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று அவளை ஏமாற்றி இழுத்துச் செல்லலாம். அவள் உயிருக்கு அது நல்லது. ஆனால் வளர்ந்த ஒருத்தியின் நாட்களை அவளுக்குத் தெரியாமல் நான் வாங்கிக்கொள்வது சரியா? இரண்டு நாள் இதையே எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, உண்மையைச் சொல்வதென்று வாயெடுத்தேன். "மாடத்தி, மொத்தம் பதி..."

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"அந்த எண்ண எங் காதுல போடாதிய. எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கிய? பதினெட்டு மாசம்னா எம்புட்டு தூரம்னு எனக்கும் தெரியும். கேட்டன்னா எங் காலு நடக்காது. ஒண்ணுன்னு சொல்லுங்க. அது முடிஞ்ச பொறவு ஒண்ணுன்னு சொல்லுங்க."

நாற்பத்தெட்டாம் நாள் அவள் கணவர் வண்டியோடும் எண்ணெய்ச் செம்போடும் வந்து சன்னலுக்கு வெளியே நின்றார்.

"மறுபத்தியம் கெடக்கு. இன்னும் ஒரு மண்டலம்" என்றாள் மாடத்தி. மருந்து முடிந்தபின் அதே அளவு நாள் பத்தியம் நீள்வதும் நாட்டு வைத்தியத்தில் உள்ளதுதான்.

"ஏட்டி, நான் வண்டியப் பூட்டிட்டு வந்திருக்கேன்."

"மாட்டுக்கு வழி தெரியும்லா? திருப்பி ஓட்டுங்க."

"இந்த எண்ணெய என்ன செய்ய?"

"உங்க தலையில தேய்ங்க. சூடு தணியும்."

மறுநாள் இந்தக் கணக்கை டாக்டரிடம் சொன்னேன். அவர் தாளில் பெருக்கிப் பார்த்தார். "பதினோரு மண்டலம்னா பன்னிரண்டு நாள் குறையுதே" என்றார். பிறகு முதல் தடவையாகச் சிரித்து, "அதை நான் விட்டுக்கொடுக்கிறேன்" என்றார்.

ஆனி பிறந்து சாரல் தொடங்கியது. அருவியின் இரைச்சல் வார்டுக்குள் கேட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி சிலருக்குக் காதைப் பாதிக்கும். காதில் இரைச்சல் வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பது விதி. "காதுல சத்தம் கேக்குதா?" என்று டாக்டர் கேட்க, ஆறு கட்டிலும் ஒரே குரலில் "கேக்கு" என்றதும் அவர் திகைத்துப்போனார். இரண்டாம் மண்டலம் முடிந்த அன்று மாடத்தி புறப்பட்டாள். நடவு தொடங்கிவிட்டது. ஊசிக்குரிய மாதங்கள் முடிந்துவிட்டதால், டாக்டர் அடுத்த நாற்பத்தெட்டு நாளுக்கான மாத்திரைகளை மட்டும் எண்ணிக் கொடுத்து, தீர்ந்ததும் வரச் சொன்னார். என் கட்டிலருகே நின்று, "ஒண்ணு" என்று விரலைக் காட்டிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிந்தைய மண்டலந்தான் மிகவும் நீளமானது. அவள் கட்டிலில் வந்தவர் யாரோடும் பேசாத ஒரு மூதாட்டி. சாரல் சன்னலை மறைத்த ஞாயிறுகளில் அண்ணனின் குடை மட்டும் தெரியும். அருவியில் குளிக்க ஊரெல்லாம் திரண்டு வந்து சிரித்துக்கொண்டு போகும் பாதை தோப்புக்கு அப்பால் இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் நான் இருப்பது தெரியாது. காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு அன்றைய எண்ணைச் சொல்வேன். பதில் வராது. பதில் வராவிட்டாலும் அந்த நாள் முடிந்த கணக்கில் சேர்ந்துவிடுகிறது என்பதை நம்பப் பல நாட்கள் ஆயின.

புரட்டாசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பின்கட்டில் ஓர் அறை கொடுத்தார்கள். மண்டலம் முடியுந்தோறும் மாத்திரை வாங்க மருத்துவமனைக்குப் போவேன். காத்திருப்போர் அறைப் பெஞ்சில், வாய்நிறைய வெற்றிலையோடு மாடத்தி உட்கார்ந்திருப்பாள். அன்று ஒரு நாள் மட்டும் பத்தியம் இல்லை. மறுநாள் மீண்டும் கட்டிக்கொள்வாள். அவள் என்னருகில் தோள் உரச உட்காருவாள். "எத்தனாவது?" என்று நான் கேட்டால், "ஒண்ணு" என்பாள். எட்டு மண்டலம் இப்படி முடிந்தது.

ஒன்பதாவதன் முடிவில் பெஞ்சில் அவள் இல்லை. மாலைவரை காத்திருந்தேன். மறுநாள் இலஞ்சிக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள்.

"நீங்கதான் அந்த ஆஸ்பத்திரி டீச்சரா? சித்திரையில இங்கன ஏது வேலை? கங்காணி வந்து ஆள் சேத்தாம்லா, அவன்கூடப் புருசன் பிள்ளையோட மலைக்குப் போயிட்டா."

"எந்த எஸ்டேட்டு?"

"செங்கோட்டைக்கு அங்கிட்டு, தேயிலக் காடுன்னாவ. காடெல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கும்?"

"மாத்திரை எடுத்துட்டுப் போனாளா?"

"நல்லாக் கேட்டிய. அத இடுப்புல முடிஞ்ச பொறவுதான் பிள்ளையவே தூக்குனா."

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் கரியால் கோடுகள் இழுத்திருந்தன. நின்று எண்ணினேன். நாற்பத்தெட்டு நாற்பத்தெட்டாக ஆறு வரிசை. வீட்டில் அவள் கழித்த மண்டலங்கள். அதன்கீழ் ஒரு வரிசையில் பதினேழு கோடுகள். அவர்கள் புறப்பட்ட அன்று காலையிலும் ஒரு கோடு இழுத்திருக்கிறாள். மீதி முப்பத்தொரு நாளுக்கு அவள் கையில் மாத்திரை இருந்தது. அதற்கப்பால் இரண்டு மண்டலத்துக்கு இல்லை.

செங்கோட்டைக்குப் போய் விசாரித்தேன். கணவாய்க்கு அப்பாலுள்ள தோட்டங்களின் மருத்துவமனைகளுக்கு எழுதினேன். இரண்டிலிருந்து இல்லை என்று பதில் வந்தது, மற்றவை எழுதவில்லை. ஆவணியில் என் பதினோராவது மண்டலம் முடிந்தது. படம் தெளிவாக இருப்பதாக டாக்டர் சொன்னார். மதினி எண்ணெய் காய்ச்சி வைத்திருந்தாள், தேய்த்துக்கொண்டேன். பத்தியம் முறிந்த அந்த மதியம் என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

இப்போது பண்பொழிப் பக்கம் ஒரு சிறு பள்ளியில் வேலை பார்க்கிறேன். என் நோயைச் சொல்லித்தான் சேர்ந்தேன். தொலைவில் பார்ப்பவரே தம்மை அடக்க வல்லவர் என்று இப்போது வகுப்பில் சொல்வதில்லை. தொலைவு என்னை இரண்டு முறை கைவிட்டது. ஆனால் மண்டலத்தையும் நான் முழுதாக நம்பவில்லை. முறிந்தால் முதலிலிருந்து என்ற அதன் விதிதான் என்னைத் தூக்கி நிறுத்தியது. மலையில் மாத்திரை தீர்ந்து நாள் தவறியிருந்தால், அதே விதி அவளைக் கீழே தள்ளியிருக்கும். அத்தனையும் போயிற்று என்று அவள் வெற்றிலையைக் கையில் எடுத்திருக்கலாம். அப்போது எதிரே நின்று சேர்ந்து எண்ண அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இதைப் படிப்பவர்களில் தேயிலைத் தோட்டங்களோடு தொழில் உள்ளவர்கள் இருக்கலாம். அவள் பெயர் மாடத்தி, ஊர் இலஞ்சி, மூன்று பிள்ளைகள், கறுத்த பற்கள், உரத்த குரல். கண்டால் அருகிலுள்ள டாக்டரிடம் அழைத்துப் போங்கள். எத்தனை மண்டலம் போயிற்று, எத்தனை மீதி என்று ஒன்றும் சொல்ல வேண்டாம். அவள் மாத்திரையை விழுங்கும்போது தயவுசெய்து எதிரே நின்று அவள் முகத்தைப் பாருங்கள்.